கழற்றிப் பூட்டிய ரைபோசோம்

ஈ.கோலை பாக்டீரியாவின் ரைபோசோமை இரண்டாகப் பிரிக்க, கரைசலில் மெக்னீசியத்தைக் குறைத்தால் போதும். உயிரணுவுக்கு வேண்டிய புரதங்களைக் கோத்துத் தரும் இந்த நுண்பொறியின் இரு துண்டுகளிலும் ஆர்.என்.ஏ. இழைகள் உண்டு. அவற்றின் எதிர் மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும். நேர் மின்னூட்டமுள்ள மெக்னீசியம் அயனிகள்தான் நடுவில் நின்று அவற்றைச் சேர்த்து வைத்திருக்கின்றன.

பிரிந்ததைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்குச் சர்க்கரை உதவுகிறது. குழாயின் அடியில் கெட்டியாகவும் மேலே போகப்போக நீர்த்தும் இருக்குமாறு சர்க்கரைக் கரைசலை நிரப்பி, அதன்மேல் மாதிரியை மெல்ல விட்டு, மையவிலக்குக் கருவியில் பல மணி நேரம் அதிவேகமாகச் சுழற்றுவார்கள். பெரிய துண்டு முந்தி இறங்கும், சிறியது பின்தங்கும். பிறகு கரைசலைச் சொட்டுச் சொட்டாக வடித்து, புறஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால், துண்டுக்கு ஒரு முகடாக வரைபடம் எழும். முழு ரைபோசோம் 70எஸ், துண்டுகள் 50எஸ், 30எஸ் என்ற பெயர்கள் இந்த இறங்கும் வேகத்தைக் குறிப்பவை. ஐம்பதும் முப்பதும் எண்பதாயிற்றே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வேகம் எடையை மட்டுமல்ல, வடிவத்தையும் பொறுத்தது. எடையைப் போல அதைக் கூட்ட முடியாது.

அறிவியலாளர் மசயாசு நொமுரா இப்படி இரண்டாகப் பிரிப்பதோடு நிற்கவில்லை. 1968ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அவரும் பீட்டர் டிரௌபும் 30எஸ் துண்டை முற்றாகக் கலைத்தார்கள். யூரியாவும் லித்தியம் குளோரைடும் சேர்த்துப் புரதங்களைக் கழற்றினார்கள்; ஆர்.என்.ஏ.வைத் தனியே பிரித்தெடுத்தார்கள். ஓர் ஆர்.என்.ஏ., 21 புரதங்கள். இவற்றைத் தகுந்த உப்புக் கரைசலில் கலந்து 40 டிகிரி செல்சியஸில் வைத்தபோது, அரை மணி நேரத்துக்குள் துண்டு தானாகவே கூடிவிட்டது. 50எஸ் துண்டையும் மற்ற தேவைகளையும் சேர்த்ததும் வேலையும் செய்தது! கூடும் விதம் உறுப்புகளுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. வெளியிலிருந்து அச்சு எதுவும் வேண்டாம். சென்ற நூற்றாண்டின் மிக அழகான சோதனைகளில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு புரதத்தை விட்டுவிட்டுக் கூட்டிப் பார்த்தார்கள். எது முதலில் ஒட்டும், எது எதற்காகக் காத்திருக்கும் என்ற வரிசை மெல்லத் தெளிந்தது. 50எஸ் அவ்வளவு எளிதில் மசியவில்லை. 1974ல் பெர்லினில் நீர்ஹாஸ், டோமே என்ற ஆய்வாளர்கள் இரண்டு கட்டமாகச் சூடேற்றித்தான் அதைக் கூட்டினார்கள்.

பூட்டும் முறை கைவந்ததால் இன்னொன்றும் சாத்தியமானது. 30எஸ்ஸைக் கூட்டும்போதே இரண்டு புரதங்களை மட்டும் கன ஹைட்ரஜன் ஏற்றியவையாக மாற்றி வைத்து, நியூட்ரான் கற்றையைச் செலுத்தி அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவை அளந்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூருடன் அந்த வேலையில் ஈடுபட்டவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அதே 30எஸ் துண்டின் அணு அமைப்பை அவருடைய குழு 2000ல் வெளியிட்டது. 2009ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.