பன்னிரண்டு விலங்குகள் – 7: உச்சிவெயில் குதிரை

சீன மொழியில் முற்பகலுக்கு 'ஷாங்வூ', நண்பகலுக்கு 'ஜோங்வூ', பிற்பகலுக்கு 'ஷியாவூ' என்று பெயர். மூன்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் 'வூ'தான் இந்த வார நாயகன் குதிரையின் எழுத்து. ஒரு நாளைப் பன்னிரண்டு பொழுதாகப் பிரித்த பழைய சீனக் கணக்கில், பகல் 11 மணி முதல் 1 மணி வரை குதிரையின் பொழுது.

குதிரை ஆண்டில் பிறந்தவர்களின் குணத்தையும் அந்த உச்சிவெயிலுக்கு ஏற்றபடிதான் சொல்கிறார்கள். மனசில் பட்டதை மறைக்கத் தெரியாது, ரகசியம் தங்காது. கூட்டம் என்றால் கலகலப்பு, கட்டிப்போட்டால் எரிச்சல். எதையும் சட்டென்று தொடங்குவார்கள். முடிப்பதற்குள் கவனம் வேறெங்கோ ஓடிவிடும்.

1954, 1966, 1978, 1990, 2002, 2014 ஆகியவை குதிரை ஆண்டுகள். ஆனால், காலண்டரைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். 1990-ல் சீனப் புத்தாண்டு ஜனவரி 27 அன்றுதான் வந்தது. அதற்கு முந்தைய நாள் பிறந்தவர் போன வாரம் பார்த்த பாம்பு!

பொருத்தத்துக்கு வருவோம். பன்னிரண்டு விலங்குகளையும் வட்டமாக எழுதிக்கொள்ளுங்கள். குதிரையிலிருந்து நான்கு இடம் தள்ளினால் நாய், இன்னும் நான்கு தள்ளினால் புலி. மூன்றையும் இணைத்தால் முக்கோணம். நம் ஜோசியர்கள் திரிகோணம் என்று சொல்வதைப் போலத்தான். இவர்கள் கூட்டாளிகள். அடுத்த வீட்டு ஆடு, குதிரையின் அந்தரங்கத் தோழன். எருதோடு உரசல். நேர் எதிரே நிற்பது எலி. அதன் பொழுது இரவு 11 முதல் 1 வரை. குதிரை நெருப்பு, எலி நீர். நடுப்பகலும் நடுநிசியும் எப்படி ஒத்துப்போகும்? குதிரைக்குக் குதிரையும் ஆகாதாம். தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் ஜோடி என்பது சாஸ்திரம்.

இத்தனையும் பிறந்த ஆண்டை மட்டும் வைத்துச் சொல்வது. கல்யாணத்துக்குப் பார்க்கும்போது ஆண்டு, மாதம், நாள், பொழுது ஒவ்வொன்றுக்கும் இரண்டாக எட்டு எழுத்துகளைப் பார்ப்பார்கள்.

தன் விலங்கின் ஆண்டு திரும்ப வந்தால் கொண்டாட்டம் என்று நினைப்போம். சீனர்களுக்கு அது கண்டம். காப்பாக இடுப்பில் சிவப்புக் கயிறு, காலில் சிவப்பு சாக்ஸ் என்று ஆண்டு முழுக்க அணிகிறவர்கள் உண்டு.

குதிரையே நெருப்பு; ஆண்டுக்குரிய மூலகமும் நெருப்பாகச் சேரும் குதிரை ஆண்டு அறுபதுக்கு ஒருமுறை வரும். அந்த ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காதவள், கணவனை அழிப்பவள் என்பது ஜப்பானில் வேரூன்றிய நம்பிக்கை. 1965-ல் அங்கே பிறந்த குழந்தைகள் சுமார் 18.2 லட்சம். நெருப்புக் குதிரை ஆண்டான 1966-ல் அது 13.6 லட்சமாகச் சரிந்தது. மறு ஆண்டே 19.3 லட்சத்துக்கு ஏறிவிட்டது. குதிரையின் குணம் பலித்ததோ இல்லையோ, அதைப் பற்றிய பயம் பலித்துவிட்டது.

2026 பிப்ரவரி 17-ல் பிறப்பது மறுபடியும் நெருப்புக் குதிரை ஆண்டு. 'வேண்டாம்' என்று ஊரே தயங்கிய ஆண்டில் பிறந்த அந்தப் பெண்களுக்கு இப்போது அறுபது நிறைகிறது. ஜப்பானில் அறுபது நிறைந்தவருக்குக் கையில்லாத சிவப்பு மேலங்கி போர்த்திக் கொண்டாடுவது மரபு. குதிரைக்காரிகளுக்கும் அதே சிவப்புதான்.

(அடுத்த வாரம்: ஆடு)