வெள்ளை யார்க்‌ஷயர்: வெண்பன்றிகளின் தாயினம்

தமிழகப் பண்ணைகளில் வெண்பன்றி என்று சொல்லப்படுவது பெரும்பாலும் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் இனம்தான். இதன் பிறப்பிடம் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க்‌ஷயர். 1851இல் விண்ட்சரில் நடந்த வேளாண் கண்காட்சியில், கீத்லி ஊரைச் சேர்ந்த நெசவாளர் ஜோசப் டூலி காட்சிக்கு வைத்த பெரிய வெள்ளைப் பன்றிகள் எல்லோருடைய கவனத்தையும் ஈர்த்தன. 1868இல் இது தனி இனமாக ஏற்கப்பட்டது. 1884இல் இதற்கான வம்சாவளிப் பதிவேடு தொடங்கியது.

நீண்ட உடல், நிமிர்ந்த காதுகள், சற்றே உட்குழிந்த முகம், இளஞ்சிவப்புத் தோல், வெள்ளை முடி ஆகியவை இதன் அடையாளங்கள். நன்கு வளர்ந்த ஆண் பன்றி 300 கிலோவைத் தாண்டும். பெட்டையும் 200 கிலோவுக்கு மேல் வளரும். வெள்ளை நிறத்துக்குக் காரணம் ‘கிட்’ என்ற மரபணு இரட்டித்திருப்பதும் அதிலுள்ள பிறழ்வும் ஆகும். கருவளர்ச்சியின்போது நிறமிச் செல்கள் தோலுக்குச் சென்று சேர்வதை இது தடுக்கிறது. விழித்திரையின் நிறமி வேறு வழியில் உருவாவதால் கண்கள் மட்டும் கருமையாகவே இருக்கும். இந்தப் பண்பு ஓங்கு பண்பு என்பதால், கறுப்பு இனத்தோடு கலந்தாலும் குட்டிகள் பெரும்பாலும் வெள்ளையாகவே பிறக்கின்றன.

இந்த இனத்தின் பெருமை தாய்மைப் பண்பில் இருக்கிறது. சினைக்காலம் சுமார் 114 நாட்கள். நல்ல பராமரிப்பில் ஓர் ஈற்றுக்கு 10 முதல் 12 குட்டிகள் கிடைக்கும். தாய்ப்பன்றி ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மட்டுமே பால் சுரக்கும்; ஒவ்வொரு முறையும் பால் வருவது சுமார் 20 விநாடிதான். அதற்குள் குடித்துக்கொள்ள வேண்டும் என்பதால், பிறந்த சில நாட்களிலேயே ஒவ்வொரு குட்டியும் தனக்கென ஒரு காம்பைப் பிடித்துக்கொண்டு அதையே தொடர்ந்து நாடும். காம்பு கிடைக்காத குட்டி தேறாது.

இறைச்சிக்கும் இது ஏற்ற இனம். கொழுப்பு குறைந்த, சதைப்பற்று மிகுந்த உடல் இதற்கு உண்டு. முதுகும் விலாவும் நீளமாக இருப்பதால் பேக்கன் தயாரிக்கப் பெரிதும் விரும்பப்படுகிறது. நல்ல அடர்தீவனத்தில், சுமார் 3 கிலோ தீவனத்துக்கு 1 கிலோ எடை கூடும். அப்படி வளர்ந்த பன்றி ஆறு, ஏழு மாதங்களில் 90 கிலோவை எட்டும். அறுத்துச் சுத்தம் செய்தபின் உடல் எடையில் 70 சதவீதத்துக்கு மேல் தேறும். பச்சை இறைச்சி, ஹாம், சாசேஜ் ஆகியவற்றோடு கொழுப்பும் தோலும்கூடப் பயன்படுகின்றன.

உலகெங்கும் இந்த இனம் கலப்பினப் பெருக்கத்தின் அடித்தளமாக விளங்குகிறது. இதை லேண்ட்ரேஸ் இனத்தோடு கலந்து தாய்ப்பன்றியை உருவாக்கி, அதனுடன் ட்யூராக் அல்லது பியட்ரைன் ஆண் பன்றியைச் சேர்ப்பது வழக்கம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘தானுவாஸ் கேபிஎம் கோல்டு’ பன்றியில் யார்க்‌ஷயர் 75 சதவீதம், நாட்டுப்பன்றி 25 சதவீதம்.

வெப்பம்தான் இந்த இனத்தின் பலவீனம். பன்றிகளுக்கு வியர்த்து உடல் குளிர்வது மிகக் குறைவு. நிறமியற்ற தோல் வெயிலில் எளிதில் வெந்துவிடும். கோடையில் தீவனம் எடுப்பது குறையும். சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். ஆகவே நிழலான, காற்றோட்டமுள்ள கொட்டகையும் தண்ணீர்த் தெளிப்பும் கட்டாயம். பிறந்த குட்டிகளின் நிலையோ நேர்மாறானது. அவற்றுக்கு முதல் வாரத்தில் 30 டிகிரிக்குமேல் கதகதப்பு வேண்டும். தாய்ப்பாலில் இரும்புச்சத்து போதாததால் சில நாட்களிலேயே இரும்பு ஊசியும் போட வேண்டும். ஓட்டல் கழிவைத் தீவனமாகக் கொடுப்பவர்கள் அதை நன்றாகக் கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும். கொடிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கழிவு உணவின் வழியாகவும் பரவும்.

தாய்ப்பன்றியாக வளர்க்கப் பெட்டைக் குட்டி வாங்குவோர் எடையையும் நிறத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அடிவயிற்றில் குறைந்தது 12 காம்புகள் சீராக அமைந்திருக்கின்றனவா, தாய் ஈன்ற குட்டிகள் எத்தனை, அவற்றில் பால் மறக்கும் வரை பிழைத்தவை எத்தனை என்பதைக் கேட்டறிந்து வாங்குவதே லாபம் தரும்.