மாமாவின் கடைக்கு எந்த மென்பொருள்?

கம்போங் மேடானில் என் மாமா ஏர்கோன் பழுதுபார்க்கும் தொழில் நடத்துகிறார். ஆறு ஊழியர்கள், இரண்டு வேன்கள். அழைப்புகளைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம், வேலையைப் பிரித்துக் கொடுக்க ஒரு புலனக் குழு. பல ஆண்டுகளாக இப்படித்தான் ஓடியது.

தீபாவளிக்கு முந்திய வாரம் இரண்டு சிக்கல்கள் சேர்ந்து வந்தன. ஒரே வீட்டுக்கு இரண்டு வேன்களும் போய் நின்றன. இன்னொரு வீட்டுக்கு யாருமே போகவில்லை. சம்பள நாளில் ஓர் ஊழியர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, கிள்ளான் வேலைக்குப் போன ஆறு மணி நேர ஓ.டி. கணக்குல இல்ல."

"கம்ப்யூட்டர் படிக்கிறியே, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு சாப்ட்வேர் பார்த்துக் கொடு" என்றார் மாமா.

தேடியபோதுதான் இவை இரண்டு வகை என்று தெரிந்தது. பணியாளர் மேலாண்மை மென்பொருள் ஆளைப் பின்தொடர்கிறது: யார் வந்தார், எத்தனை மணி நேரம் உழைத்தார், எத்தனை நாள் விடுப்பு, எவ்வளவு ஊதியம். களச்சேவை மென்பொருள் வேலையைப் பின்தொடர்கிறது: எந்த வீடு, என்ன பழுது, எந்த உதிரிப்பாகம், வாடிக்கையாளர் கையொப்பம், பில். தமிழ்நாட்டில் வேரூன்றிய சோஹோ நிறுவனமே முதல் தேவைக்கு சோஹோ பீப்பிள், இரண்டாவதற்கு சோஹோ எஃப்.எஸ்.எம். என்று தனித்தனியாக விற்கிறது. அமெரிக்காவில் குத்தகைத் தொழில் செய்த தந்தையரின் சிரமத்தைப் பார்த்து இரண்டு இளைஞர்கள் தொடங்கிய சர்வீஸ் டைட்டன், இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது 2024 டிசம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது.

களச்சேவை மென்பொருளே போதும் என்று முதலில் நினைத்தேன். வேலை தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் அதில் பதிவாகுமே! பிறகு அந்த ஊழியரின் ஆறு மணி நேரத்தை நோட்டில் தேடினேன். நான்கு நாள்கள் கிள்ளானில் வேலை மாலை 6 மணிக்கே முடிந்திருக்கிறது. நெரிசலில் வேனை ஓட்டிக் கடைக்குத் திரும்பியபோது மணி 7.30. விடுபட்டது அந்தப் பயண நேரம். அந்த மென்பொருளை மட்டும் வாங்கியிருந்தால், அதே தவறு கணினியிலும் தொடர்ந்திருக்கும்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, முதலாளியின் பணிக்குக் கட்டுப்பட்டு, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி பயன்படுத்த முடியாத நேரம் வேலை நேரமே. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரத்தின் உச்ச வரம்பு 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மாதம் 4,000 ரிங்கிட் வரை ஊதியம் பெறுவோருக்குச் சாதாரண நாளின் கூடுதல் நேரத்துக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும்.

அவருடைய சம்பளம் 2,080 ரிங்கிட். 26ஆல் வகுத்தால் நாளுக்கு 80. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 10. ஒன்றரை மடங்கு 15. ஆறு மணி நேரத்துக்கு 90 ரிங்கிட்.

மாமாவிடம் இந்தக் கணக்கைக் காட்டி என் முடிவைச் சொன்னேன். வேலைகளைப் பிரிக்கக் களச்சேவை மென்பொருள். முதலில் இலவசச் சோதனைக் காலத்தில் பயன்படுத்திப் பார்ப்போம். ஆறு பேருக்கு இன்னொரு மென்பொருள் தேவையில்லை. காலையில் கடைக்கு வரும் நேரத்தையும் மாலையில் திரும்பும் நேரத்தையும் ஓர் எக்செல் தாளில் பதிவு செய்தால் போதும். ஊழியர்கள் இருபது பேராகும்போது யோசிக்கலாம்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சிறுதொழில் இருக்கலாம். மென்பொருளின் விளம்பரத்தைப் பார்க்கும் முன், கடந்த மாதம் நடந்த தவறுகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஆளைப் பற்றியதா, வேலையைப் பற்றியதா என்று பிரியுங்கள். எது தேவை என்பது தெரிந்துவிடும்.

மறுநாள் காலை மாமா அந்த ஊழியரை அழைத்து 90 ரிங்கிட்டைக் கையில் கொடுத்தார். எக்செல் தாளில் முதல் பெயரும் அவருடையதுதான்.