‘விழாக் கமிட்டி பொறுப்பல்ல’ என்றால் விட்டுவிடுமா சட்டம்?

டெல்டா ஊர்களில் மின்னொளி கபடிப் போட்டி நோட்டீஸைப் பார்த்தவர்களுக்கு அதன் அடிவரி தெரிந்திருக்கும். பரிசுத்தொகை, நுழைவுக் கட்டணம், எடைப் பிரிவு எல்லாம் சொன்ன பிறகு பொடி எழுத்தில் ஒரு வரி: ‘போட்டியில் ஏற்படும் காயங்களுக்கு விழாக் கமிட்டி பொறுப்பல்ல.’ திருநள்ளாறோ நெடுங்காடோ திருமலைராயன்பட்டினமோ, காரைக்காலில் போட்டி நடத்தும் இளைஞர்கள் அந்த வரியைக் கவசமாக நினைத்துவிடக் கூடாது.

ஆடுகிறவர்களை முதலில் பார்ப்போம். ரைடரை நான்கு பேர் மடக்கிப் பிடிக்கும்போது அவர் தோள்பட்டை விலகினால், பிடித்தவர் குற்றவாளி ஆவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 87ஆம் பிரிவு. பொழுதுபோக்காக வாள்வீச்சு ஆடும் இருவரையே அது உதாரணமாகக் காட்டுகிறது: முறை தவறாமல் ஆடும்போது நேரக்கூடிய காயத்துக்கு இருவரும் சம்மதித்தவர்களே. ‘முறை தவறாமல்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விசில் ஊதிய பிறகு நெஞ்சில் உதைத்தால் அதற்குப் பெயர் அடிதடி. இங்கிலாந்தில் ஓர் உள்ளூர் லீக் கால்பந்தாட்டத்தில் முறைகேடாகக் காலை நீட்டி எதிரணிக்காரரின் காலை முறித்தவர் 4,900 பவுண்டு இழப்பீடு தர வேண்டும் என்று 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. அது நம் ஊர் ஆட்டம் போன்ற சின்ன ஆட்டம்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 25ஆம் பிரிவு பேசுவது 18 வயது கடந்தவரின் சம்மதத்தைப் பற்றி. ஆள் குறைகிறது என்று பத்தாம் வகுப்புப் பையனை இறக்கும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. எதிர்பாராத விபத்து என்று வாதாடும் வழி மட்டுமே மிஞ்சும்.

கமிட்டியின் பொறுப்பு இதிலிருந்து வேறு. ஆட்டத்தின் இயல்பான ஆபத்தைத்தான் வீரர் ஏற்றுக்கொள்கிறார். களத்து மண்ணில் கிடக்கும் கண்ணாடித் துண்டையோ, விளக்குக் கம்பத்தில் தொங்கும் ஒட்டுப் போட்ட ஒயரையோ அவர் ஏற்கவில்லை. கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் அதே சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. நோட்டீஸின் அடிவரி குற்ற வழக்கில் ஒரு பைசா பெறாது.

பார்வையாளர் விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். 2021 மார்ச் 22 அன்று தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டிக்காகத் தற்காலிகமாகக் கட்டிய கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இப்படி நேர்ந்தால், கட்டியவர் எங்கே தவறினார் என்பதை அடிபட்டவர்தான் துப்புத் துலக்க வேண்டுமா? வேண்டியதில்லை. டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்து விழுந்த வழக்கில் 1966இல் உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது: சரியாகப் பராமரித்தால் விழாத ஒன்று விழுந்தது என்றால், அது விழுந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி.

காரைக்காலுக்கு இந்த எண்ணம் புதிதன்று. 1954 நவம்பர் வரை இங்கே பிரெஞ்சு ஆட்சி. ஒருவர் தம் பொறுப்பில் உள்ள பொருளால் விளையும் கேட்டுக்கும் ஈடுகட்ட வேண்டும் என்று பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1384ஆம் பிரிவு சொன்னது. அதற்குப் பொருளைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் தவறை நிரூபிக்கவே தேவையில்லை என்று 1930இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காயம்பட்டவர் பக்கம் நின்ற சட்டம் அது. எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டு.

டிக்கெட் வாங்கிப் பார்த்தவருக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. அவர் நுகர்வோர், இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கிழித்த டிக்கெட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். இலவசமாகப் பார்த்தவருக்கு சிவில் நீதிமன்றமே வழி.

வழக்கு முடிய வருடங்கள் ஆகும். ஆஸ்பத்திரிச் செலவு அன்றிரவே வரும். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலானவர்களுக்கு பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஆனால் எலும்பு முறிவுச் சிகிச்சைக்கு அதில் பணம் இல்லை, மாரடைப்பு அதில் சேராது, பள்ளிப் பையன்களுக்கு அந்தத் திட்டமே இல்லை. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அந்த ஒரு நாளுக்கு எல்லா வீரர்களையும் சேர்த்துக் குழுக் காப்பீடு எடுப்பதையும், களத்து ஓரத்தில் ஓர் ஆம்புலன்ஸ் நிற்பதையும் கமிட்டிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த நோட்டீஸ் அச்சுக்குப் போகும்போது அந்தப் பழைய வரியை எடுத்துவிட்டு, காப்பீட்டு எண்ணை அங்கே போடலாம்.