பதில் வராததால் மூடப்பட்டது

‘தங்களிடமிருந்து பதில் ஏதும் வராததால் தங்கள் புகார் மூடப்பட்டது.’ அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், வாடகை வீடுகளை மொத்தமாக நிர்வகிக்கும் அலுவலகங்களிலும் இப்போது புழங்குகிற பராமரிப்பு மென்பொருள்கள் அனுப்பும் குறுஞ்செய்தி இது. (பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.) குழாய் ஒழுகுகிறது, சாக்கடை அடைத்துக்கொண்டது, சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று குடியிருப்பவர் பதிவு செய்த ஒன்று, குறிப்பிட்ட நாட்களுக்கு அதன்மேல் எந்த அசைவும் இல்லையென்றால், எவருடைய கையும் படாமல் பட்டியலிலிருந்து இறங்கிவிடுகிறது. சின்ன விஷயம் மாதிரித்தான் தெரியும். ஆனால் மௌனம் பற்றிய ஒரு கோட்பாடு இந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது. பேசாமல் இருப்பவர் திருப்தியாக இருக்கிறார் என்பதே அது. ‘மௌனம் சம்மதம்’ என்கிற பழைய வழக்கை நாம் கணினிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

இது இயங்கும் விதம் எளிமையானது. ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண், ஒரு நிலை. ‘திறந்தது’, ‘வேலை நடக்கிறது’, ‘குடியிருப்பவர் பதிலுக்குக் காத்திருப்பு’, ‘தீர்ந்தது’, ‘மூடப்பட்டது’ என்று நிலைகள் போகும். நிலை மாறும்போதும் யாராவது குறிப்பு எழுதும்போதும் கடைசி அசைவின் தேதி பதிவாகும். நிரல் தினமும் ஒருமுறை ஓடி, அந்தத் தேதியிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்கும். கெடுவைத் தாண்டியிருந்தால் முதலில் எச்சரிக்கை, அப்புறம் பூட்டு.

இந்தப் பழக்கம் வீட்டுப் பராமரிப்பில் பிறந்ததில்லை. வாடிக்கையாளர் சேவைக்கான ஜென்டெஸ்க் மென்பொருளில், ‘தீர்ந்தது’ எனக் குறித்த கோரிக்கை நான்கு நாளில் மூடிக்கொள்ளும்படியே ஆரம்ப ஏற்பாடு இருக்கிறது. மூடியதை மறுபடி திறக்க முடியாது. மறுபடி எழுதினால் புது எண்தான். நிரல் எழுதுவோர் கூடும் கிட்ஹப்பில் ‘ஸ்டேல்’ என்றே பெயர் கொண்ட தானியங்கி உண்டு. ஊசிப்போனது என்று அர்த்தம். 60 நாள் அசைவில்லாத பிரச்சினைக்கு அந்தப் பெயரைச் சூட்டி, மேலும் 7 நாள் பார்த்துவிட்டு மூடுவது அதன் இயல்பு. சோறு ஊசிப்போகும். கூரை ஒழுக்கு ஊசிப்போகுமா?

இதைச் சதி என்று சொல்லிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அப்படியில்லை. ராஜபாளையத்தில் பிளம்பர் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சொன்னார்: “பத்து வீட்டுக்குப் போனா நாலு வீடு பூட்டிக் கெடக்குண்ணே. போன் போட்டா எடுக்க மாட்டாங்க. சரியாப் போச்சுன்னா எவனும் வந்து சரியாப் போச்சுன்னு சொல்றதுமில்ல.” மில்லில் ஷிப்ட் பார்ப்பவர்களின் வீடு பகலில் பூட்டித்தான் கிடக்கும். தீர்ந்துபோன நூறு புகார்கள் பட்டியலில் கிடந்தால், தீராத பத்து அவற்றுக்கடியில் புதைந்துபோகும். பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டிய தேவை உண்மையானது. கேள்வி, எதைக் குப்பை என்று எண்ணிக் கூட்டுகிறோம் என்பதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அத்தை ஒரு குடியிருப்பின் மேல்தளத்தில் இருக்கிறார். மொட்டைமாடியில் பதித்த தட்டோடு விரிந்துபோய், அடுப்படிக்கு நேர்மேலே ஒழுகுகிறது. முதல் வருஷம் ஐப்பசியில் புகார் பதிவானது. ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த குறுஞ்செய்திகள், ‘பிரச்சினை தொடர்கிறதா?’ என்ற கேள்வி உட்பட, அத்தைக்கு வரவில்லை. பதிவான எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற மகனுடையது. அவனுக்கு ராத்திரி வேலை. பத்து நாளில் புகார் மூடப்பட்டது. மறு வருஷமும் இப்படியே. அதற்கு அடுத்த வருஷமும். அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, “நடுவுல ஒண்ணும் சொல்லலியேம்மா” என்றார்களாம். அத்தை என்னிடம் கேட்டார்: “ஏய்யா, மழ நின்னா ஒழுக்கு நிக்கும். அதுக்காக ஓட்டை அடைஞ்சிருச்சின்னு ஆயிருமா?”

ஒழுக்குக்குப் பருவம் உண்டு, நிரலின் கடிகாரத்துக்கு இல்லை என்பது இதில் ஒரு விஷயம். இன்னொன்றும் இருக்கிறது. இங்கே மௌனமாக இருந்தது அத்தை இல்லை. ஒரு கைபேசி எண்தான் மௌனமாக இருந்தது. அந்த எண்ணுக்கும் அத்தைக்கும் நடுவே மொழி, ஊர், மகனின் ஷிப்ட் எல்லாம் கிடக்கின்றன. விளிம்புநிலையினர் பேச முடியுமா என்று காயத்ரி ஸ்பிவாக் 1988இல் எழுப்பிய கேள்வியை நாம் நிறைய விவாதித்திருக்கிறோம். பேசுவது மட்டும் போதாது, பேச்சைப் பேச்சாக ஏற்கும் காது வேண்டும் என்பது அந்த விவாதத்தில் நாம் கற்றது. அத்தை பேசியிருக்கிறார், மூன்று முறை. கணினியின் காது எந்த எண்ணில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இனி, அந்த வாக்கியத்தின் இலக்கணத்தைப் பார்ப்போம். ‘வந்தேன்’ என்றால் ‘நான்’ தோன்றா எழுவாய். விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘மூடப்பட்டது’ செயப்பாட்டுவினை. இதில் ‘புகார்’ எழுவாயாக வந்து உட்கார்ந்துகொள்ள, மூடிய கை மூன்றாம் வேற்றுமையில், ‘இன்னாரால்’ என்று வரவேண்டும். வருவதில்லை. வாக்கியத்தில் ‘ஆல்’ இல்லாமலும் இல்லை. ‘வராததால்’ என்பதில் இருக்கிறது. அதாவது, யாரால் என்ற கேள்விக்குரிய இடத்தில் எதனால் என்பதன் விடை நிற்கிறது. அந்த விடையோ புகார் கொடுத்தவரின் குறை. மூடியவர் மறைந்துவிட்டார், மூடியதற்கான பொறுப்பு ஒழுகும் வீட்டுக்காரர் தலையில் இறங்கிவிட்டது.

காகித அலுவலகம் புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் கோப்புகளை மூடினார்கள். நம்முடைய மாவட்ட அலுவலகங்களில் முடிந்த கோப்பின்மேல் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று குறிப்பார்கள். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். ஒரு விஷயத்தை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று ஒருவர் தீர்மானித்து, கையெழுத்தும் தேதியும் போட வேண்டியிருந்தது. தப்பாகத் தீர்மானித்தாலும் சண்டைக்குப் போக ஓர் ஆள் இருந்தார்.

மௌனத்தை வைத்து முடிவெடுப்பதில் நீதிமன்றத்துக்கு நீண்ட அனுபவம். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். பிரதிவாதி வந்து வாதி வராவிட்டால், 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9ஆம் கட்டளை, 8ஆம் விதிப்படி வழக்கு தள்ளுபடி. கடுமையான விதிதான், அதே காரணத்துக்குப் புது வழக்கும் போட முடியாது. ஆனால் அடுத்த விதியிலேயே கதவு இருக்கிறது. வராததற்குத் தக்க காரணம் காட்டி 30 நாளுக்குள் மனு கொடுத்தால், பழைய வழக்கே பழைய எண்ணோடு உயிர்பெறும். ‘தீர்ந்தது’ என்று அங்கே யாரும் எழுதுவதில்லை. ‘ஆஜராகாததால் தள்ளுபடி’ என்றுதான் எழுதுகிறார்கள்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மௌனத்தைத் தலைகீழாக வாசிக்கிறது. 30 நாளில் அலுவலகம் பதில் தராவிட்டால், 7(2) பிரிவின்படி அது மறுப்பு என்றே கொள்ளப்படும். மேல்முறையீட்டுக்கு அதுவே வாசல். மறுத்தது நியாயம் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அலுவலகத்தின்மேல்தான். மௌனத்துக்கு இயற்கையான அர்த்தம் என்று ஒன்று கிடையாது என்பது இங்கே துலக்கமாகிறது. யாருடைய மௌனம், யாருக்கு எதிராக எண்ணப்பட வேண்டும் என்பது அதிகாரம் சம்பந்தப்பட்ட தீர்மானம். ஒரு சட்டம் அதை ஆபீசுக்கு எதிராக எண்ணியது. மென்பொருள் அத்தைக்கு எதிராக எண்ணுகிறது.

இதன் விளைவு கணக்கில் தெரியும். மூன்று வருஷமாக ஒழுகும் ஒரே ஒழுக்கு, ஏட்டில் பத்துப் பத்து நாளில் ‘முடிந்த’ மூன்று புகார்களாகிவிடுகிறது. சராசரித் தீர்வுக் காலம் பத்து நாள். மேலதிகாரி பார்க்கும் வரைபடம் அழகாக இருக்கும். கட்டடத்தின் நோய் வரலாறு மட்டும் அழிந்துபோகும். கெடு சுருங்கும் இடமெல்லாம் இந்தச் சபலம் வரும். மத்திய அரசின் குறைதீர் இணையதளத்துக்கான கெடு 2022இல் 30 நாளாகவும், 2024இல் 21 நாளாகவும் குறைக்கப்பட்டது. வேகம் நல்லதுதான். வேகத்தை அளக்கும் கோல் மூடுவதை மட்டும் எண்ணினால், மூடுவதே வேலையாகிவிடும்.

‘எதிர்த்தரப்பின் பதிலுக்குக் காத்திருப்பு’ என்ற நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தின் ராச்டேலில் ஓர் உதாரணம் இருக்கிறது. அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் செத்துப்போனது. வீட்டுச் சுவரில் படர்ந்த பூஞ்சையை நெடுநாள் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை சொன்னது. தகப்பனார் 2017இலிருந்தே சொல்லிவந்தவர். கடைசியில் வக்கீல் வைத்தபோது, வக்கீலின் சம்மதம் வராமல் பழுது பார்ப்பதில்லை என்ற நிர்வாக நடைமுறை குறுக்கே நின்றது. எழுத்தில் எல்லாம் முறைப்படி. அந்தக் குழந்தையின் பெயரால் அறியப்படும் சட்டம் 2023இல் நிறைவேறி, 2025 அக்டோபர் 27இல் அதன் முதல் கட்டம் நடைமுறைக்கு வந்தது. சமூக வீடுகளில் உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை. கடுமையான ஈரம், பூஞ்சை என்றால் 10 வேலை நாளுக்குள் ஆய்வு. கடிகாரம் அங்கே குடியிருப்பவரைப் பார்த்து ஓடவில்லை, வீட்டுக்காரரைப் பார்த்து ஓடுகிறது.

ஆக, நாம் கேட்க வேண்டியவை மென்பொருளுக்கு முடியாத விஷயங்கள் இல்லை. வேலை யார் பக்கம் நிற்கிறதோ அவர் பக்கம்தான் நாள் எண்ணப்பட வேண்டும். ஆபீஸ் ஆள் அனுப்பாத நாட்கள் குடியிருப்பவர் கணக்கில் ஏறக் கூடாது. மின்சாரம், கேஸ், கூரை, கழிவுநீர் சம்பந்தப்பட்ட புகார்கள் நேரில் பார்க்காமல் மூடப்படக் கூடாது. பதில் வராமல் மூடியதைத் ‘தீர்ந்தது’ கணக்கில் சேர்க்காமல் தனியே காட்ட வேண்டும். ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் பழைய எண்ணே திறக்க வேண்டும். செய்தி தமிழில் வர வேண்டும், குரலாகவும் வர வேண்டும். மூடியவர் பெயர் இருக்க வேண்டும். நிரல் மூடினால், அந்த விதியை வைத்தவர் பெயர். அரசு சார்ந்த குடியிருப்பு என்றால், பதில் வராததால் மூடியவை எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். சங்கக் கூட்டத்தில் கேட்க ஒரு தாளும் வேண்டாம்.

இந்த ஐப்பசியில் அத்தை நான்காவது எண் வாங்கியிருக்கிறார். இந்த முறை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். பழைய மூன்று எண்களையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, நாலும் ஒரே ஒழுக்குதான் என்று தமிழில் கீழே குறித்து, அலுவலகத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் வாங்கி வந்துவிட்டோம். கையெழுத்துப் போட்டவர் பெயர் அதில் தெளிவாகவே இருக்கிறது.