சிறு குளிர்சாதனங்களில் மின் சிக்கனம்

சித்தூர் மாவட்டத்தின் கிராமப் பொருளாதாரத்தில் கறவை மாட்டுக்குத் தனி இடம் உண்டு. மழை பொய்க்கும் ஆண்டுகளில் சிறு விவசாயியின் குடும்பத்தைத் தாங்கி நிற்பது பால் வருவாயே. கறந்த பாலில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகுவதால், சில மணி நேரத்திற்குள் அதனை 4 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்க வேண்டும். கிராமக் கொள்முதல் நிலையங்களின் குளிர்விப்புத் தொட்டிகளும், திருப்பதியில் யாத்திரிகர்களுக்குப் பாலும் தயிரும் விற்கும் கடைகளின் குளிர்பெட்டிகளும் இப்பணியை ஆற்றுகின்றன. இவற்றில் வீணாகும் மின்சாரம் இறுதியில் உற்பத்தியாளரின் வருவாயையும் பாதிக்கும்.

தேவைப்படும் மின்சாரம் எவ்வளவு? 1,000 லிட்டர் பாலை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் கொணர, ஏறத்தாழ 35 யூனிட்டுக்குச் சமமான வெப்பத்தை அகற்ற வேண்டும். கம்ப்ரஸர் இவ்வெப்பத்தைப் பாலிலிருந்து எடுத்து வெளிக்காற்றில் விடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தில் 3 யூனிட் வெப்பத்தை அகற்றும் இயந்திரத்திற்குச் சுமார் 12 யூனிட் போதும். 2 யூனிட் வெப்பத்தையே அகற்றுமாயின் 17 யூனிட்டுக்கு மேல் செலவாகும். இவ்வேறுபாடு இயந்திரத்தின் தரத்தை மட்டுமன்றி, அதன் இருப்பிடத்தையும் பராமரிப்பையும் பொறுத்தது.

வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரில் தூசி படிந்தாலோ, அது வெயில்படும் சுவரையொட்டி இருந்தாலோ, கம்ப்ரஸரின் பளு கூடுகிறது. கண்டென்சரின் வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால், மின் செலவு ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு குறையும். நிழலும், காற்றோட்டமும், முறையான துப்புரவும் பெரும் முதலீடு வேண்டாத சிக்கனங்கள். கடைகளில் கதவின் ரப்பர் விளிம்பு பழுதடைந்தால் உடனே மாற்றுவதும் இத்தகையதே.

பாலைத் தொட்டியில் இடுமுன் கிணற்று நீரால் 5 டிகிரி தணித்தால், கம்ப்ரஸரின் பணியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். வறட்சி மிகுந்த இப்பகுதியில் அந்நீரை வீணாக்காது மாடுகளுக்கும் கழுவுதலுக்கும் பயன்படுத்தலாம். கண்டென்சரின் வெப்பத்தைக் கொண்டு கேன்களைக் கழுவுவதற்கான நீரைச் சூடாக்கவும் இயலும்.

2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002-இல் அமைந்த எரிசக்தித் திறன் செயலகம், ஆழ்குளிர் பெட்டிகளுக்கும் நட்சத்திரக் குறியீட்டை 2020-இல் அறிமுகப்படுத்தியது. புதிய பெட்டி வாங்குவோருக்கு அது வழிகாட்டும். ஆயினும், இயங்கிவரும் சாதனங்களுக்கு நிலையத்தின் பதிவேடே அளவுகோல். 1,000 லிட்டருக்கு எத்தனை யூனிட் செலவாயிற்று என்பதை நாள்தோறும் குறித்து வந்தால், பழுது பெரிதாகுமுன்னரே புலப்படும். ஆய்வுக்குச் செல்லும் அலுவலர்கள் முதலில் காண வேண்டியது இக்கணக்கையே.