சக்கரம் எப்போது வழுக்க வேண்டும்?

போட்டிக்கு ஒரு ரோபோ – 7

சென்ற வாரம் அடிச்சட்டத்தை முடித்து சக்கரங்களைப் பொருத்தினோம். இனி மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் கியர்பாக்ஸ். ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் பார்வையாளர் கண்ணில் படாத உறுப்பு இது. பல ஆட்டங்கள் இங்கேதான் தோற்கின்றன.

1992-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் தொடங்கிய போட்டி இது. ஆரம்ப ஆண்டுகளில் இதற்கென்று செய்த கியர்பாக்ஸ் கடையில் கிடைக்காது. டிரில் இயந்திரத்தின் மோட்டாரையும் கியரையும் எடுத்து மாட்டிய அணிகள் உண்டு. பட்டறை வசதி இருந்தவர்கள் தாங்களே கடைந்துகொண்டார்கள். மாணவர்களுக்கு வழிகாட்டி வந்த ஆண்டி பேக்கர், மார்க் கூர்ஸ் என்ற இருவர் 2004-இல் ஆண்டிமார்க் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு, சிறிய அணிகளுக்கும் நல்ல கியர்பாக்ஸ் எட்டியது.

இப்போது கணக்கு. வெகுகாலம் எல்லா அணிகளும் நம்பியிருந்த சிம் மோட்டார், சுமை இல்லாதபோது நிமிடத்துக்குச் சுமார் 5,300 சுற்று சுற்றும். அதை நேராக 6 அங்குலச் சக்கரத்தில் மாட்டினால் தாளில் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரும். களத்தில், ரோபோ கிளம்புவதற்குள் பேட்டரி துவண்டுவிடும். அதனால் மோட்டார் அச்சில் 14 பல் கியர், அது சுழற்ற ஒரு 50 பல் கியர். அதே அச்சில் 16 பல், அது சுழற்ற 48 பல். மோட்டார் 10.71 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். வேகம் நொடிக்கு 13 அடி. சுமையோடு ஓடும்போது இதில் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று வைத்துக்கொள்ளலாம்.

“இன்னும் வேகம் கூட்டலாமே?” மாணவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். களத்தின் நீளம் சுமார் 54 அடி. ஆனால் ஆட்டத்தில் ரோபோ பெரும்பாலும் பத்து, இருபது அடி ஓடி நிற்கிறது. அதிவேகத்துக்கு அமைத்த ரோபோ தன் முழு வேகத்தை எட்டும் முன்பே பிரேக் போட வேண்டியிருக்கும். குறைந்த வேகத்துக்கு அமைத்த ரோபோ அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். ஓட வேண்டிய தூரத்தை அளக்காமல் கியரைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை.

தள்ளுமுள்ளில்தான் உண்மையான சோதனை. எதிரணி ரோபோ குறுக்கே நிற்கிறது, நாம் முட்டித் தள்ளுகிறோம். பேட்டரி, பம்பர் எல்லாம் சேர்த்து நம் ரோபோ 68 கிலோ, அதை ஓட்ட நான்கு சிம் மோட்டார்கள் என்று கொள்வோம். கம்பள விரிப்பில் நல்ல சக்கரத்தின் பிடிப்பு, ரோபோவின் எடையைவிடச் சற்றே அதிகம். அதைத் தாண்டினால் சக்கரம் வழுக்கும். 10.71 கியரில் அந்த நிலையை எட்ட நான்கு மோட்டார்களும் ஆளுக்குச் சுமார் 80 ஆம்பியர் இழுக்கும், மொத்தம் 300-க்கு மேல். 12 வோல்ட் பேட்டரி இதைத் தாங்காது. மின்னழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியதும் ரோபோரியோ என்ற கட்டுப்பாட்டுக் கணினி மோட்டார்களை நிறுத்திவிடும். ரோபோ விக்கி விக்கி நகரும். ஒவ்வொரு மோட்டாருக்கும் உள்ள 40 ஆம்பியர் பிரேக்கர் சூடேறித் துண்டித்தாலும் தானே மீளும். 120 ஆம்பியர் முதன்மை பிரேக்கர் விழுந்தால் கையால்தான் மீட்க வேண்டும். ஆட்டம் நடக்கும்போது களத்துக்குள் யாரும் போக முடியாது.

இதையே 24-க்கு 1 என்ற கியரில் செய்தால், மோட்டார் 40 ஆம்பியரை எட்டும் முன்பே சக்கரம் வழுக்கிவிடும். அந்த வழுக்கல்தான் நமக்குக் காப்பு. வேகமோ நொடிக்கு 6 அடிகூட இருக்காது. அதனால் பிறந்ததுதான் இரட்டை வேக கியர்பாக்ஸ். அச்சின் மேல் இரண்டு கியர்கள் தளர்வாகச் சுழன்றுகொண்டிருக்கும். நடுவில் பல் வைத்த ஒரு வளையம். காற்றழுத்த உருளை அதை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, அந்தக் கியர் அச்சோடு பூட்டிக்கொள்ளும். அழகான ஏற்பாடு. ஆனால் கம்ப்ரஸரும் காற்றுக் குழாய்களும் சேர்ந்து எடையைக் கூட்டும். முதல் ஆண்டு அணிக்கு ஒற்றை வேகமே போதும் என்பது என் உறுதியான கருத்து. இன்றைய பிரஷ் இல்லாத மோட்டார்களில் மின்னோட்டத்தை நிரலிலேயே கட்டுப்படுத்தலாம் என்பதால் பெரிய அணிகளும் இரட்டை வேகத்தைக் கைவிட்டு வருகின்றன.

கியர் வாங்கும் முன் ரோபோவின் எடையையும் சக்கரத்தின் விட்டத்தையும் வைத்து, ஒரு மோட்டாருக்கு எத்தனை ஆம்பியரில் சக்கரம் வழுக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 40-க்கு மேல் வந்தால் கியரை மாற்றுங்கள், அல்லது நிரலில் வரம்பு வையுங்கள். நான்கு சக்கரமும் தனித்தனியே திரும்பும் ஸ்வெர்வ் அமைப்பை அடுத்த வாரம் பார்ப்போம்.